ஜெர்மனியில் வேலை தேடிப் போக வாய்ப்பு அட்டை: தகுதி பார்ப்பது முதல் வேலையில் சேர்வது வரை

கையில் வேலை உத்தரவு இல்லாமலே ஜெர்மனிக்குப் போய், அங்கேயே தங்கி வேலை தேடலாம் என்று யூடியூபில் சொல்கிறார்களே, அது உண்மைதான். 2024 ஜூன் 1 முதல் அதற்கென்று தனியாக ஒரு விசா இருக்கிறது. ஜெர்மன் மொழியில் ‘ஷான்சன்கார்ட்டே’, ஆங்கிலத்தில் ‘ஆப்பர்ச்சூனிட்டி கார்டு’. இங்கே வாய்ப்பு அட்டை என்றே சொல்லிக்கொள்வோம். முன்பு இருந்த ஜாப் சீக்கர் விசா ஆறு மாதத்துக்குத்தான். அந்த ஆறு மாதமும் கைக்காசைக் கரைத்தபடி இருக்க வேண்டும். புது அட்டையில் ஒரு வருடம் வரை இருக்கலாம், வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் பார்க்கலாம்.

அந்த வீடியோக்களில் விட்டுப்போவது ஒன்று உண்டு. இந்த விசாவை வாங்குவது பெரிய காரியம் இல்லை. ஒரு வருடத்துக்குள் அங்கே உருப்படியான வேலையைப் பிடிப்பதுதான் பெரிய காரியம். அதனால் விண்ணப்பத்தை நிரப்புவதோடு நிற்காமல், போன பிறகு வேலை கிடைக்க இங்கிருந்தே என்ன செய்துகொண்டு போக வேண்டும் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில்: இந்த அட்டை உங்களுக்குத் தேவையா?

பலருக்குத் தேவையில்லை. உங்கள் பட்டம் ஜெர்மனியில் செல்லும், ஒரு கம்பெனி வீடியோ கால் நேர்காணலில் உங்களை எடுத்துக்கொள்ளத் தயார் என்றால், இந்த அட்டையின் பக்கமே போக வேண்டாம். நேராக ‘ஈயூ புளூ கார்டு’ என்ற, பட்டதாரிகளுக்கான வேலை விசாவில் போகலாம். அதற்கு ஆண்டுச் சம்பளம் ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தொட வேண்டும். 2025-ல் 48,300 யூரோவாக இருந்த வரம்பு 2026-ல் 50,700 ஆகிவிட்டது. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும் புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கும் வரம்பு குறைவு: 2025-ல் 43,759.80 யூரோ, 2026-ல் 45,934.20. ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தத் தொகை மாறும். பழைய வீடியோவில் சொன்னதை நம்பிச் சம்பளம் பேசிவிடாதீர்கள்.

ஐந்தாறு வருட அனுபவமுள்ள சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு என் யோசனை இதுதான்: மூன்று நான்கு மாதம் இங்கிருந்தே விண்ணப்பித்துப் பாருங்கள். செலவே இல்லை, இருக்கிற வேலையையும் விட வேண்டியதில்லை. ஐடி வேலைகளை வெளிநாட்டில் இருப்பவருக்கு நேரடியாகக் கொடுக்கும் கம்பெனிகள் அங்கே நிறைய உண்டு.

அட்டை யாருக்குப் பயன்படும்? நேரில் பார்க்காமல் ஆள் எடுக்காத தொழில்களில் இருப்பவர்களுக்கு. ஐம்பது, நூறு பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனிகளைக் குறிவைப்பவர்களுக்கு. அவர்கள் சென்னையில் இருப்பவருக்கு விசா ஏற்பாடு செய்துகொண்டு காத்திருக்க மாட்டார்கள், ஊரிலேயே இருப்பவரை நாளைக்கே வரச் சொல்வார்கள். அப்புறம், முக்கியமாக, ஜெர்மன் மொழியில் பி1 அளவாவது (ஏ1, ஏ2, பி1, பி2, சி1 என்று ஏறிக்கொண்டே போகும் மொழி நிலைகளில் நடுவில் உள்ளது) பேசத் தெரிந்தவர்களுக்கு.

மருத்துவம், நர்சிங் படித்தவர்கள் வேறு பாதையைப் பார்ப்பது நல்லது. அவை அங்கே உரிமம் வாங்கித்தான் செய்ய வேண்டிய தொழில்கள். படிப்புக்கு அங்கீகாரம் வாங்கும் நடைமுறைக்கென்றே தனி விசா இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமான ஓஎம்சிஎல், நர்சுகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்து அனுப்பும் வேலையைச் செய்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

படி 1: அனாபினில் உங்கள் பட்டத்தைத் தேடுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. அனாபின் என்பது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையும் பட்டங்களையும் ஜெர்மன் அரசுத் தரப்பு மதிப்பிட்டு வைத்திருக்கும் இணையப் பட்டியல். பார்க்கக் காசு வேண்டாம். இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, உங்கள் பல்கலைக்கழகத்தின் நிலை. அண்ணா பல்கலைக்கழகத்தைப் போல ‘எச் பிளஸ்’ (அங்கீகாரம் உண்டு என்று பொருள்) என்று இருந்தால் நல்லது. இங்கே நம் ஊர்க்காரர்கள் தடுமாறும் இடம், கல்லூரிப் பெயரைப் போட்டுத் தேடுவது. ஈரோட்டிலோ விருதுநகரிலோ உள்ள இணைவுக் கல்லூரியில் படித்திருந்தாலும் பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமோ, அதைத்தான் தேட வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் இதே கதைதான். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் மட்டும் அதன் பெயரிலேயே தேடுங்கள்.

இரண்டு, உங்கள் பட்டத்தின் மதிப்பு. ‘என்ட்ஷ்ப்ரிஷ்ட்’ அல்லது ‘கிளைஷ்வெர்ட்டிஷ்’ என்று எழுதியிருந்தால் ஜெர்மன் பட்டத்துக்கு ஈடாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பொருள்.

இரண்டும் சரியாக இருந்து, உங்கள் தொழில் உரிமம் தேவைப்படாத தொழில் என்றால், நீங்கள் அவர்கள் கணக்கில் ‘ஃபாக்கிராஃப்ட்’, அதாவது தகுதி பெற்ற வல்லுநர். உங்களுக்குப் புள்ளிக் கணக்கே கிடையாது. பணம் காட்டினால் போதும், நேராக அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பிஇ, பிடெக் படித்த நிறையப் பேர் இதைக் கவனிக்காமல் ஆறு புள்ளி சேர்க்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

பல்கலைக்கழகம் இருக்கிறது, பட்டத்தின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை என்றால், பான் நகரில் உள்ள இசட்ஏபி என்ற அலுவலகத்திடம் மதிப்பீட்டுச் சான்று கேட்கலாம். கட்டணம் 208 யூரோ. வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் இதை முதலிலேயே போட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். அட்டைக்கு மட்டும் இல்லை, பின்னால் வேலை விசாவுக்கு மாறும்போதும் இதே காகிதம்தான் உதவும்.

படி 2: முழு அங்கீகாரம் இல்லையா? அப்போது புள்ளிகள்

புள்ளி எண்ணுவதற்கு முன் வாசலில் மூன்று நிபந்தனைகள். உங்கள் படிப்பு நம் நாட்டில் அரசு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும்: ஒரு பட்டம், அல்லது குறைந்தது இரண்டு வருடத் தொழிற்படிப்பு. மொழியில் ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 வேண்டும். ஒரு வருடச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும். பாலிடெக்னிக் டிப்ளமா, ஐடிஐ போன்ற தொழிற்படிப்பு என்றால் அதைப் பற்றி இசட்ஏபி தரும் மின்னணுச் சான்றையும் வாங்க வேண்டும்.

இவை இருந்தால் கீழே உள்ளவற்றிலிருந்து 6 புள்ளி சேர்க்க வேண்டும்:

- படிப்புக்குப் பகுதி அங்கீகாரம் கிடைத்திருந்தால்: 4
- கடந்த 7 வருடத்தில் 5 வருடம், படிப்போடு தொடர்புள்ள வேலை அனுபவம்: 3 (கடந்த 5 வருடத்தில் 2 வருடம் என்றால் 2)
- ஜெர்மன் பி2: 3, பி1: 2, ஏ2: 1
- ஆங்கிலம் சி1: 1
- வயது 35-ஐத் தாண்டாதவருக்கு 2, 40-ஐத் தாண்டாதவருக்கு 1
- பற்றாக்குறைத் தொழிலுக்கான படிப்பு: 1
- கடந்த 5 வருடத்தில் 6 மாதமாவது சட்டப்படி ஜெர்மனியில் இருந்திருந்தால் (சுற்றுலா சேராது): 1
- கணவன், மனைவி இருவரும் தகுதி பெற்றுச் சேர்ந்து விண்ணப்பித்தால்: 1

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருடம் வேலை பார்த்த, 27 வயது மெக்கானிக்கல் டிப்ளமாக்காரரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 2, அனுபவத்துக்கு 3, ஆக 5. ஜெர்மன் ஏ2 தேறினால் 6, வேலை முடிந்தது. சென்னையில் கணக்கு எழுதும் 37 வயது பிகாம் பட்டதாரிக்கு அனாபினில் முழு மதிப்பு வரவில்லை என்று வைப்போம். வயதுக்கு 1, அனுபவத்துக்கு 3, ஐஇஎல்டிஎஸ்ஸில் 7.5 வாங்கியிருந்தால் ஆங்கிலத்துக்கு 1. ஐந்தோடு நிற்கிறார். இவருக்கும் ஏ2 ஜெர்மன்தான் ஆறாவது புள்ளி.

அனுபவப் புள்ளியில் ஒரு சிக்கல். ‘படிப்போடு தொடர்புள்ள’ என்ற சொற்களைச் சும்மா போடவில்லை. இயற்பியல் படித்துவிட்டு ஆறு வருடம் பிபிஓவில் இருந்தவருக்கு அந்த ஆறு வருடம் கணக்கில் வராது. எதையோ படித்து எதிலோ வேலை பார்ப்பது நம் மாநிலத்தில் சர்வசாதாரணம் என்பதால், இந்த மூன்று புள்ளியை எழுதிக்கொள்வதற்கு முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

‘மேக் இட் இன் ஜெர்மனி’ என்ற ஜெர்மன் அரசின் தளத்தில் உங்கள் தகுதியை நீங்களே சரிபார்க்கும் வசதி இருக்கிறது. கன்சல்டன்சிக்காரர் ‘இலவச மதிப்பீடு’ என்று கூப்பிட்டுச் செய்வதும் பெரும்பாலும் இதைத்தான்.

படி 3: மொழி

சட்டத்துக்கு ஏ1 போதும், அல்லது ஆங்கிலம் மட்டும் போதும். வேலைக்குப் போதாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

பெர்லின் ஸ்டார்ட்-அப்களும் பெரிய நிறுவனங்களின் ஐடி பிரிவுகளும் ஆங்கிலத்தில் ஓடும். அதைத் தாண்டினால் தொழிற்சாலைத் தளம், கட்டுமான அலுவலகம், கணக்குப் பிரிவு, பராமரிப்பு வேலை எல்லாமே ஜெர்மன்தான். விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தாலும் கடைசி வரியில் ‘சரளமான ஜெர்மன்’ என்று இருக்கும். ஏ1-ஓடு போய் இறங்கி, பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே மொழி படித்து, அதே வருடத்தில் வேலையும் தேடுவேன் என்பது கேட்க நன்றாக இருக்கும். வருடம் அதற்குள் ஓடிவிடும்.

அதனால் பி1 வரை இங்கேயே படித்துவிட்டுப் போங்கள். முழுநேரமாகப் படித்தால் எட்டு ஒன்பது மாதத்தில் எட்டலாம். வேலைக்குப் போய்க்கொண்டே என்றால் ஒன்றரை வருடம் ஒதுக்குங்கள். சென்னையில் நுங்கம்பாக்கத்தில் உள்ள கோத்தே இன்ஸ்டிட்யூட், அதாவது மேக்ஸ் முல்லர் பவன், தேர்வும் நடத்துகிறது. கோவையில் கோத்தே மையம் இருக்கிறது. இலங்கைத் தமிழர்களுக்குக் கொழும்பிலேயே கோத்தே இன்ஸ்டிட்யூட் உண்டு. எங்கே படித்தாலும் சரி, சான்றிதழ் கோத்தே, டெல்க், ஓஎஸ்டி, டெஸ்ட்டாஃப் போன்ற ஏற்கப்பட்ட தேர்வு அமைப்புகளுடையதாக இருக்க வேண்டும். தெருமுனைப் பயிற்சி மையம் தானே அச்சடித்துத் தரும் ‘ஏ2 முடித்தார்’ தாளை யாரும் மதிக்க மாட்டார்கள். தேர்வு இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு திறக்கும் நாளைப் பார்த்து வையுங்கள். கோத்தேயின் பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனிப் பகுதிகள். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம்.

ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் என்றால் 5.5 முதல் 6.5 வரை பி2, 7 முதல் சி1.

படி 4: பணம்

ஒரு வருடத்துக்கு உங்களால் வாழ முடியும் என்று காட்ட வேண்டும். 2025-ல் வைத்த கணக்குப்படி மாதம் 1,091 யூரோ, வருடத்துக்கு 13,092. காட்டும் வழிகள் மூன்று: ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்ற முடக்கக் கணக்கு, ஜெர்மனியில் இருக்கும் ஒருவர் உங்களுக்குப் பொறுப்பேற்று அங்குள்ள அலுவலகத்தில் எழுதிக்கொடுக்கும் பத்திரம், அல்லது ஏற்கெனவே கையில் உள்ள பகுதிநேர வேலை ஒப்பந்தம். பெரும்பாலானோர் போவது முதல் வழியில். எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா, கொராக்கிள் போன்றவை இணையத்திலேயே இந்தக் கணக்கைத் திறந்து தருகின்றன. மொத்தப் பணத்தையும் போட்டுவிட வேண்டும். நீங்கள் அங்கே போன பிறகு மாதாமாதம் 1,091 யூரோ வெளியே வரும்.

இந்தப் பணத்தை இங்கிருந்து அனுப்பும்போது டிசிஎஸ், அதாவது வங்கி முன்கூட்டியே பிடித்துவைக்கும் வரி, என்று ஒன்று குறுக்கே வரும். ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி 20 சதவீதம் பிடிக்கும். ஒரு யூரோ 100 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 13,092 யூரோ என்பது 13.09 லட்சம். 3.09 லட்சத்துக்கு 20 சதவீதம் என்றால் சுமார் 62,000 ரூபாய் கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். இது தொலைந்த பணம் இல்லை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். ஆனால் கிளம்பும் நேரத்தில் 62,000 என்பது விமான டிக்கெட். அவசரம் இல்லையென்றால் ஒரு பகுதியை மார்ச் மாதமும் மீதியை ஏப்ரலிலும் அனுப்புங்கள். நிதியாண்டு மாறிவிடுவதால் எந்த வருடத்திலும் 10 லட்சத்தைத் தாண்டாது.

1,091 யூரோவில் வாழ முடியுமா? ஊரைப் பொறுத்தது. மியூனிக்கில் ஒரு அறைக்கே 700, 800 போய்விடும். கெம்னிட்ஸ், மாக்டெபுர்க் போன்ற கிழக்கு ஊர்களில் அதில் பாதியில் கிடைக்கலாம். காப்பீடும் இந்தப் பணத்திலிருந்துதான் போக வேண்டும். கடன் வாங்கி இந்தக் கணக்கில் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மாதாமாதம் வெளியே வரும் பணம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தீர்ந்துவிடும், வட்டி இங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

படி 5: காகிதங்கள்

பாஸ்போர்ட், பயோமெட்ரிக் போட்டோ, பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், அனாபின் அச்சுப் பிரதி அல்லது இசட்ஏபி சான்று, மொழிச் சான்று, அனுபவச் சான்றுகள், பணச் சான்று, மருத்துவக் காப்பீடு, முதல் சில நாள் தங்குமிடத்துக்கான ஆதாரம், தன்விவரக் குறிப்பு, நோக்கக் கடிதம். இவ்வளவுதான் பட்டியல். நீங்கள் விண்ணப்பிக்கும் தூதரகத்தின் தளத்தில் அன்றைய பட்டியலை ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி இதில் உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘செந்தில் குமார் கே’ என்று பிரித்து எழுதி இனிஷியல் பின்னால் இருக்கும். டிகிரியில் ‘கே. செந்தில்குமார்’. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து ‘செந்தில்குமார் கருப்பசாமி’ ஆகியிருக்கும், அதிலும் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். ஜெர்மன் அதிகாரிக்கு மூன்று பேர். மூன்று வடிவங்களையும் குறிப்பிட்டு ‘இவை அனைத்தும் நானே’ என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மொழித் தேர்வுக்கும் முடக்கக் கணக்குக்கும் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயர் கொடுங்கள்.

அனுபவச் சான்று அடுத்தது. ‘இவர் எங்களிடம் நன்றாகப் பணிபுரிந்தார், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்’ என்ற வகைக் கடிதத்தால் பயன் இல்லை. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வாரம் எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை செய்தீர்கள் என்று இருக்க வேண்டும். சின்னப் பட்டறையில் இருந்து வருபவர்கள் முதலாளியிடம் தாங்களே ஒரு வரைவு எழுதிக்கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது சுலபம். சம்பளச் சீட்டு, பிஎஃப் பாஸ்புக், ஃபார்ம் 16 இருந்தால் பின்னால் இணையுங்கள்.

நோக்கக் கடிதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ‘ஜெர்மனி தொழில்நுட்பத்தில் முன்னேறிய நாடு, அங்கே பணிபுரிவது என் சிறுவயதுக் கனவு’ என்று ஆரம்பிக்கும் கடிதங்களை அந்த அதிகாரி தினமும் பார்க்கிறார். அவருக்குத் தெரிய வேண்டியது வேறு: இந்த ஆள் என்ன வேலை தேடப்போகிறார், எங்கே, கிடைக்குமா? இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கோவையில் பம்ப் தயாரிப்பில் ஆறு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். பம்ப், வால்வு தயாரிக்கும் நடுத்தர நிறுவனங்களில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் வேலை தேடுகிறேன். இன்னின்ன ஊர்களில் இன்னின்ன நிறுவனங்கள் இப்போது இந்த வேலைக்கு விளம்பரம் கொடுத்திருக்கின்றன. என் ஜெர்மன் பி1, போன பிறகு பி2 வகுப்பில் சேர்வேன். வேலை கிடைக்காவிட்டால் இன்னது செய்வேன்.’ ஒன்றரைப் பக்கம் போதும். கன்சல்டன்சி கொடுக்கும் ஆயத்தக் கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றிக் கொடுக்காதீர்கள், அதே கடிதம் அதே வாரத்தில் இன்னும் பத்துப் பேரிடமிருந்து போயிருக்கும்.

படி 6: விண்ணப்பம்

ஜெர்மன் வெளியுறவுத் துறையின் கான்சுலர் சர்வீசஸ் போர்ட்டலில் கணக்கு திறந்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, எல்லாக் காகிதத்தையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். அவர்கள் பார்த்துவிட்டு ஏதாவது குறைந்தால் கேட்பார்கள். சரியானதும் நேரில் வர நாள் தருவார்கள். அன்று அசல் காகிதங்கள், கைரேகை, கட்டணம் 75 யூரோவுக்கு ஈடான ரூபாய். இந்தியாவில் இந்த நேரடி வேலையை விஎஃப்எஸ் மையங்கள் பார்க்கின்றன, முடிவெடுப்பது தூதரகம்தான். வசிக்கும் மாநிலத்தைப் பொறுத்து எந்தத் தூதரகம் என்பது மாறும். பெங்களூரில் வேலை பார்க்கும் மதுரைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முடிவு வரும்வரை வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். டிக்கெட்டும் போடாதீர்கள்.

விசா மறுத்துவிட்டால்? முன்பெல்லாம் தூதரகத்துக்கே ஒரு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை உலகம் முழுக்க மூடிவிட்டார்கள். இப்போது இருப்பது இரண்டு: பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது, அல்லது குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பது. அட்டை விஷயத்தில் இரண்டாவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஏஜென்டுகள்

‘வேலை உத்தரவாதத்தோடு வாய்ப்பு அட்டை’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை உத்தரவாதமாக இருந்தால் வேலை தேடும் விசா எதற்கு? 2024 அக்டோபரில் இந்தியத் தொழில் வல்லுநர்களுக்கான விசா எண்ணிக்கையை 20,000-இலிருந்து 90,000-ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்ததும் இந்த விளம்பரங்கள் பெருகிவிட்டன. 90,000 வேலை காத்திருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுமானால் ஒரு நியாயமான கட்டணம் கொடுக்கலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் பதிவு இருக்க வேண்டும், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் போக அதிகமாக வாங்கக்கூடாது.

போய் இறங்கிய பிறகு

வீடு கிடைத்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு ‘அன்மெல்டுங்’ என்று பெயர். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு சான்று இல்லாமல் பதிய முடியாது. அதனால் அறை பார்க்கும்போதே ‘அன்மெல்டுங் செய்ய முடியுமா?’ என்று கேளுங்கள், முடியாது என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். வரி எண் தபாலில் வரும். அங்கே கதவு எண்ணைப் பார்த்துத் தபால் போடுவதில்லை, தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். முதல் நாளே உங்கள் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரு துண்டுத் தாளில் எழுதியாவது ஒட்டிவிடுங்கள். வரி எண், வங்கி அட்டை, அலுவலகக் கடிதம் எல்லாமே அந்தப் பெட்டிக்குத்தான் வரும்.

பகுதிநேர வேலை வாரம் 20 மணி நேரம் வரை. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. முழு 20 மணி நேரமும் பார்த்தால் மாதம் சுமார் 1,200 யூரோ, பிடித்தம் போகக் கொஞ்சம் குறையும். பணத்துக்கு உதவும்தான், ஆனால் கிடங்கிலும் உணவு டெலிவரியிலும் நின்று களைத்துப் போய், வேலை தேடும் நேரம் தேய்ந்துபோவதுதான் இதில் உள்ள ஆபத்து. சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் உங்கள் துறையிலேயே பகுதிநேரமாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

இந்த அட்டையில் அதிகம் பேசப்படாத நல்ல அம்சம் ‘புரோபஆர்பைட்’: ஒரு நிறுவனத்தில் இரண்டு வாரம் வரை சோதனையாக வேலை செய்து காட்டலாம். சின்னக் கம்பெனி முதலாளி தயங்கினால் நீங்களே கேளுங்கள்: ‘இரண்டு வாரம் என்னைப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.’ சென்னையில் உட்கார்ந்து விண்ணப்பிப்பவரால் இதைச் சொல்ல முடியாது.

எங்கே தேடுவது? மத்திய வேலைவாய்ப்பு முகமையின் தளம், ஸ்டெப்ஸ்டோன், லிங்க்ட்இன், ஸிங். நம்மவர்கள் எல்லோரும் பெரிய கார் நிறுவனங்களுக்கே விண்ணப்பிக்கிறார்கள். அந்தத் துறையே இப்போது சுருங்குகிறது. ஃபோக்ஸ்வாகன் 2030-க்குள் 35,000-க்கு மேற்பட்ட வேலைகளைக் குறைக்க 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. பெயர் தெரியாத ஊர்களைப் பாருங்கள்: அறுவைச் சிகிச்சைக் கருவிகளுக்கு டுட்லிங்கன், பேரிங்குகளுக்கு ஷ்வைன்ஃபுர்ட், லென்ஸ், ஒளியியல் கருவிகளுக்கு யேனா. ஓசூரிலும் கோவையிலும் எந்திரத்தோடு பழகிய கைகளுக்கு இங்கே வேலை இருக்கிறது, போட்டியும் பெர்லின் அளவுக்கு இல்லை.

தன்விவரக் குறிப்பை மாற்றி எழுதுங்கள். அப்பா பெயர், சாதி, ‘மேற்கூறியவை அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்’ எல்லாம் வேண்டாம். இரண்டு பக்கம், கடைசி வேலை முதலில், இடையில் சும்மா இருந்த மாதங்களுக்கு ஒரு வரி விளக்கம். அந்த நிறுவனத்துக்கென்றே எழுதிய ஒரு பக்கக் கடிதம், சான்றிதழ்கள், எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பில் அனுப்புங்கள்.

வேலை கிடைத்ததும்

ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஒப்பந்தத்தையும், நிறுவனம் நிரப்பித் தரும் வேலை விவரப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் புளூ கார்டுக்கோ வல்லுநர் அனுமதிக்கோ விண்ணப்பிக்கலாம். பெரிய நகரங்களில் நாள் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும், அட்டை முடிவதற்கு வெகு முன்பே எழுதிப் போடுங்கள். புது அனுமதி கைக்கு வரும்வரை முழுநேர வேலையில் சேரக்கூடாது. முதலாளி அவசரப்படுத்துவார், பொறுமையாக விளக்குங்கள்.

புள்ளிகள் மூலம் போனவர்களுக்கு இங்கே ஒரு முடிச்சு காத்திருக்கிறது. ஆறு புள்ளி உங்களை நாட்டுக்குள் விட்டது, அவ்வளவுதான். வேலை விசாவுக்கு வரும்போது படிப்பின் அங்கீகாரம் பற்றிய கேள்வி திரும்ப எழும். அதனால் போய் இறங்கிய முதல் மாதமே அங்கீகார விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், வேலை கிடைத்த பிறகு ஆரம்பித்தால் முதலாளி காத்திருக்க மாட்டார்.

குடும்பத்தை இந்த அட்டையில் கூட்டிப்போக முடியாது. புளூ கார்டு வாங்கிய பிறகு அழைத்துக்கொள்ளலாம், அப்போது மனைவிக்கோ கணவருக்கோ ஜெர்மன் தேர்வும் கேட்பதில்லை. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்குப் புளூ கார்டில் 27 மாதம், பி1 இருந்தால் 21 மாதமே போதும். மொழி படிக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

கிடைக்காவிட்டால்

வருடம் முடிந்தால் அட்டையைச் சும்மா நீட்டிக்க மாட்டார்கள். தகுதிக்கேற்ற வேலை ஒப்பந்தம் கையில் இருந்தும் வேறு அனுமதிக்கு விதி இடம் கொடுக்கவில்லை என்றால் மட்டும் இரண்டு வருடம் வரை நீட்டிப்பு உண்டு. பி1 இருந்தால் ‘ஆஸ்பில்டுங்’ என்ற சம்பளத்தோடு கூடிய தொழிற்பயிற்சிக்கு மாறுவதை யோசிக்கலாம். முப்பது வயதில் மறுபடியும் பயிற்சியாளரா என்று கூச்சப்பட வேண்டாம், அங்கே அது சாதாரணம். ஒன்பதாவது மாதம் முடியும்போது நிலைமையைக் கறாராகப் பாருங்கள்; கடைசி மூன்று மாதத்தில் அதிசயம் நடக்கும் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள்.

திரும்புவதென்று முடிவானால், கிளம்பும் முன் முகவரிப் பதிவை ரத்து செய்து அதற்கான சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்துக்கும் காப்பீட்டுக்கும் செல்போன் சந்தாவுக்கும் எழுத்தில் ரத்துக் கடிதம் கொடுங்கள். வாடகைக்கு வழக்கமாக மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் அதை முதலில் செய்யுங்கள். முடக்கக் கணக்கில் மிச்சம் இருந்தால், கணக்கு நிறுவனம் கேட்கும் காகிதங்களை அனுப்பி மீதியை இந்திய வங்கிக் கணக்குக்கே மாற்றச் சொல்லலாம்.